ஊசி எழுதிய வரலாறு: தையல் வேலைப்பாட்டை முதன்மை மூலமாக வாசிப்பது எப்படி?



வரலாற்று மூலங்களைப் பட்டியலிடுக என்று கேட்டால் மாணவர்கள் என்ன எழுதுகிறார்கள்? கல்வெட்டு, நாணயம், ஒப்பந்தப் பத்திரம், பயணக் குறிப்பு, கடிதம். எல்லாம் சரியான விடைகள்தான். ஆனால் அந்தப் பட்டியலை இன்னொரு தடவை பாருங்க. இவற்றில் பெரும்பாலானவை அரசர்கள், அதிகாரிகள், பெருவணிகர்கள் விட்டுச் சென்றவை. எழுதப் படிக்க வாய்ப்புக் கிடைக்காத பெண்கள் இந்தப் பட்டியலில் எங்கே இருக்கிறார்கள்?

அவர்கள் கடிதம் எழுதவில்லை, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் தைத்தார்கள். தலையணை உறை, மேசை விரிப்பு, காலணி, போர்வை, திருமணப் பொருள் என்று அவர்கள் கையால் செய்தவை இன்றும் அருங்காட்சியகங்களிலும் வீட்டு அலமாரிகளிலும் இருக்கின்றன. அவற்றை "அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். வரலாற்று மூலமாக வாசிப்பதில்லை.

அந்த வாசிப்பை எப்படிச் செய்வது என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். நம் கையில் எடுக்கப்போகும் சான்றுகள் மூன்று: பேராக்கின் தெக்காட், மலாக்காவும் பினாங்கும் வளர்த்த மணித்தையல், நீலகிரியின் தோடர் பூத்தையல். மூன்றையும் ஒரே கேள்வியால் அணுகப் போகிறோம். தைப்பதற்கு முன்னால் அந்த வடிவம் எங்கே இருந்தது? அட்டையிலா, தாளிலா, தைப்பவரின் நினைவிலா? இந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடித்தால் வணிகம், அரசு, குடும்பம், உழைப்பு எல்லாம் பின்னாலேயே வந்துவிடும்.

முதலில் தையலைத் தெரிந்துகொள்வோம்

அலங்காரத் தையலைப் புரிந்துகொள்ள வசதியாக மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

ஒன்று, கோட்டைப் பின்பற்றும் தையல். துணியில் பென்சிலால் பூ வரைந்து, அந்தக் கோட்டின்மேல் சங்கிலித் தையலோ காம்புத் தையலோ போடுவது. பள்ளியில் நாம் முதலில் கற்றது இதுதான்.

இரண்டு, எண்ணித் தைக்கும் தையல். துணியின் குறுக்கு இழையையும் நெடுக்கு இழையையும் எண்ணி, குறிப்பிட்ட கட்டத்தில் மட்டும் ஊசியை ஏற்றுவது. கிராஸ் ஸ்டிச் இந்த வகை. ஐரோப்பாவில் கட்டம் கட்டமான கித்தான் துணியில் கம்பளி நூலால் முழுப் பரப்பையும் நிரப்பித் தைக்கும் கலையும் இந்த வகைதான். இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பார்ஜெல்லோ என்ற மாளிகை இருக்கிறது. அங்குள்ள நாற்காலிகளில் தீச்சுவாலைபோல் ஏறி இறங்கும் தையல் இருந்ததால், அந்தத் தையலுக்கே மாளிகையின் பெயர் வந்துவிட்டது.

மூன்று, புடைப்புத் தையல். துணிக்கு மேல் எதையாவது வைத்து, அதை நூலால் மூடி, வடிவத்தை மேடாக எழுப்புவது.

கலைக்கல்வியில் 'ஜாலினான்' என்று மலாய்மொழியில் ஒரு சொல் படிக்கிறோமே, நினைவிருக்கா? கண்ணால் பார்ப்பதும் கையால் தொட்டு உணர்வதுமான மேற்பரப்பின் தன்மை அது. தமிழில் இழைநயம் என்று சொல்லிக்கொள்வோம். மேற்சொன்ன மூன்று வகைக்கும் மூன்று விதமான இழைநயம். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலே எது எந்த வகை என்று சொல்லிவிடலாம். வரலாற்று மாணவருக்கு இது முக்கியமான திறன். நிறம் மங்கிப் போகும், இழைநயம் எளிதில் போகாது.

1511-க்குப் பின் இரண்டு அரசுகள்

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1511-இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள். கடைசி சுல்தான் மாமுட் ஷா 1528-இல் கம்பாரில் இறந்தார். அவருடைய மகன்களில் சுல்தான் அலாவுடின் ரியாயாட் ஷா ஜொகூர் அரசை நிறுவினார். இன்னொரு மகன் சுல்தான் முசாபார் ஷா பேராக் அரசை நிறுவினார். இது பாடநூலில் உள்ள செய்திதான். ஆனால் தேர்வில் எழுதும்போது அரசர் பெயரோடும் ஆண்டோடும் நிறுத்திவிடுகிறோம். ஓர் அரசவை இடம் மாறும்போது சிம்மாசனம் மட்டுமா போகிறது? உடை, சடங்கு, விருந்து முறை, அரண்மனைப் பொருள்கள், அவற்றைச் செய்யும் கைகள் எல்லாமே சேர்ந்து மாறுகின்றன.

மலாக்கா அரசவை துணியை எவ்வளவு பெரிதாக மதித்தது என்பதற்கு 'செஜாரா மெலாயு' ஒரு கதை சொல்கிறது. சுல்தான் மாமுட் ஷா, ஹங் நாடிம் என்பவரைக் கலிங்கக் கரைக்கு, அதாவது இந்தியாவின் கிழக்குக் கடற்கரைக்கு அனுப்புகிறார். நாற்பது வகைத் துணி வாங்கிவர வேண்டும், ஒவ்வொன்றிலும் நாற்பது வகைப் பூ இருக்க வேண்டும் என்பது கட்டளை. அங்குள்ள ஓவியர்கள் வரைந்து காட்டிய மாதிரிகள் ஹங் நாடிமுக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் அவரே தாளில் வரைந்து காட்டுகிறார். துணி தயாராகிறது. ஆனால் திரும்பும் வழியில் கப்பல் மூழ்கிவிடுகிறது, நான்கு துணிகள் மட்டுமே மிஞ்சுகின்றன.

இது இலக்கியம். இதிலுள்ள எண்களையும் உரையாடல்களையும் நடந்த உண்மையாக அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் வரலாற்று மாணவருக்கு இதில் உறுதியான செய்தி ஒன்று இருக்கிறது. சோழமண்டலக் கரையின் துணி மலாக்கா அரசவைக்கு வந்தது, அதுவும் 'எனக்கு இந்த வடிவம்தான் வேண்டும்' என்று சொல்லி வாங்கும் அளவுக்கு அந்தத் தொடர்பு நெருக்கமாக இருந்தது. வடிவம் ஒரு கரையில் பிறந்து, துணி இன்னொரு கரையில் உருவாகியது. நம் முன்னோர் இந்தக் கடலைக் கடந்ததற்கு முன்பே நம் ஊர்த் துணி கடந்துவிட்டது!

தெக்காட்: வடிவம் அட்டையில்

பேராக் அரசின் அரச நகரம் கோலகங்சார். அங்கே இன்றும் செய்யப்படும் தங்க இழைப் புடைப்புத் தையல்தான் தெக்காட்.

செய்முறையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்க. பிடாங்கான் என்ற மரச்சட்டத்தில் வெல்வெட் துணியை இழுத்துக் கட்டுகிறார்கள். பூ, இலை, கொடி வடிவங்களை அட்டையில் வெட்டித் துணியின்மேல் பொருத்துகிறார்கள். இந்த அட்டை வடிவத்துக்கு மெம்புலுர் என்று பெயர். சூபான் என்ற கருவியில் சுற்றிய தங்க இழையை அட்டைக்கு மேலே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டுபோகிறார்கள். ஒவ்வொரு ஓரத்திலும் துணிக்கு அடியிலிருந்து வரும் சாதாரண நூல் அந்த இழையைப் பிடித்துக் கட்டுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: தங்க இழை துணியைத் துளைப்பதே இல்லை. ஏன்? முதல் காரணம், அந்த இழை தடிமனானது, துணியைத் துளைத்து இழுத்தால் சிதையும். இரண்டாவது காரணம் செலவு. துணிக்குப் பின்னால் போகும் இழை யார் கண்ணுக்கும் தெரியாது. விலை உயர்ந்த பொருளை யாரும் பார்க்காத பக்கத்தில் வீணாக்குவானேன்? ஆக, தெக்காட்டின் மேடான இழைநயம் அழகுக்காக மட்டும் பிறந்ததல்ல. கையில் இருந்த பொருளின் குணமும் விலையும் சேர்ந்து அதை உருவாக்கின.

வடிவங்களையும் பாருங்க. செடி, கொடி, பூ, மூங்கில் குருத்து என்று தாவரங்களே அதிகம். இஸ்லாமிய மரபில் உயிருள்ளவற்றின் உருவத்தைத் தவிர்க்கும் வழக்கம் இதில் தெரிகிறது. தெக்காட் வேலைப்பாடு திருமண மேடைப் பொருள்களிலும், தலையணை முகப்பிலும், வெற்றிலைத் தட்டு மூடியிலும் இடம்பெற்றது. மஞ்சள் நிறம் அரச குடும்பத்துக்கு உரியது. ஒரு பொருளைப் பார்த்த உடனே அது யார் வீட்டில் இருந்திருக்கும் என்று ஊகிக்க இந்த நிறமும் ஒரு தடயம்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். வடிவம் எங்கே இருந்தது? அட்டையில். அட்டையை வெட்டத் தெரிந்தவரிடம்தான் வடிவம் இருக்கும். தைக்கத் தெரிந்தவர் பத்துப் பேர் இருந்தாலும், வடிவம் வெட்டுபவர் ஒருவர் போய்விட்டால் பழைய வடிவங்களே திரும்பத் திரும்ப வரும். அரசவைக் கலைகள் பலவும் இப்படித்தான் சில கைகளை நம்பியே வாழ்ந்தன.

மணித்தையல்: வடிவம் தாளில்

அடுத்த சான்றுக்கு மலாக்கா திரும்புவோம். மூவாரில் வாழ்பவர்களுக்கு இது தூரமே இல்லை. கெசாங் ஆற்றைத் தாண்டினால் மலாக்கா மாநிலம்.

1824-இல் ஆங்கில-டச்சு ஒப்பந்தப்படி மலாக்கா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1826-இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்து நீரிணைக் குடியேற்றங்கள் ஆயின. இந்த மூன்று துறைமுகங்களிலும் வாழ்ந்த பெரானாக்கான் சீனக் குடும்பங்களின் பெண்களை நோன்யா என்று அழைக்கிறோம். சமையலும் தையலும் ஒரு நோன்யாவின் தகுதியாகக் கருதப்பட்டன. திருமணத்துக்கு முன்னால் மணப்பெண் தன் கையால் மணி கோத்த காலணி செய்வது வழக்கம். அந்தக் காலணிதான் காசூட் மானேக். மலாய்மொழியில் 'மானிக்' என்றாலும் தமிழில் 'மணி' என்றாலும் ஒரே சொற்குடும்பம்தான்.

காசூட் மானேக் எப்படிச் செய்யப்படுகிறது? கட்டம் கட்டமான துணி ஒன்று வேண்டும். அதற்கு இங்கே ஸ்ட்ரிமின் என்று பெயர். டச்சு மொழியிலிருந்து மலாய்க்கு வந்த சொல் இது. அதைப் பிடாங்கானில் இழுத்துக் கட்டுவார்கள். தெக்காட்டுக்கும் இதே சட்டம்தான் என்பதைக் கவனியுங்க. பக்கத்திலேயே கட்டத்தாளில் வண்ணம் தீட்டிய வடிவம் இருக்கும். தாளில் ஒரு கட்டம் என்றால் துணியில் ஒரு மணி. இழைகள் ஒன்றையொன்று வெட்டும் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு மணியைச் சாய்ந்த தையலால் பிடித்து நிறுத்த வேண்டும். ஒரு ஜோடி காலணிக்கு ஆயிரக்கணக்கான மணிகள். ஒரு வரிசையில் ஒரு கட்டம் தவறினால் ரோஜாவின் இதழ் கோணலாகிவிடும். தைத்து முடித்த முகப்பைக் காலணி செய்பவரிடம் கொடுத்தால் அவர் அடிப்பாகத்தோடு சேர்த்துத் தருவார்.

அதாவது, ஐரோப்பியக் கித்தான் தையலில் கம்பளி நூல் செய்யும் வேலையை இங்கே கண்ணாடி மணி செய்கிறது. அமைப்பு ஒன்று, இழைநயம் வேறு. கம்பளி மெத்தென்று இருக்கும், வெளிச்சத்தை உள்வாங்கும். மணி குளிர்ச்சியாக, கரடுமுரடாக இருக்கும், வெளிச்சத்தைத் திருப்பி வீசும். அதிலும் பட்டை தீட்டிய மணிக்கு மானேக் போத்தோங் என்று பெயர். அது இன்னும் கூடுதலாக மின்னும். ஜொகூர் பாருவில் ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோவிலுக்குப் போனவர்களுக்கு இது உடனே புரியும். சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள் சேர்ந்து சுவர் முழுவதையும் மின்னவைப்பதுபோல, இங்கே மணிகள் சேர்ந்து ஒரு காலணியை மின்னவைக்கின்றன.

இப்போது இந்தக் காலணியை வரலாற்று மூலமாக வாசிப்போம்.

மணி எங்கிருந்து வந்தது? வெனிஸ், பொஹீமியா போன்ற ஐரோப்பிய இடங்களில் செய்த கண்ணாடி மணி. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. நீராவிக் கப்பல்கள் பெருகின. ஐரோப்பியப் பொருள்கள் நீரிணைத் துறைமுகங்களுக்கு விரைவாக வந்து சேர்ந்தன.

வடிவம் எங்கிருந்து வந்தது? பழைய வேலைப்பாடுகளில் ஃபீனிக்ஸ் பறவை, பியோனி மலர், வண்ணத்துப்பூச்சி போன்ற சீன மங்கலச் சின்னங்கள் அதிகம். பிற்காலத்தில் ஐரோப்பிய ரோஜாக் கொத்துகள் வந்து சேர்கின்றன. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பெர்லினில் கட்டத்தாளில் வண்ணம் தீட்டிய தையல் வடிவங்களை அச்சிட்டு விற்கத் தொடங்கினார்கள். அந்த வழக்கம் உலகம் முழுக்கப் பரவியது. 1886-இல் தெரேஸ் தெ தில்மோன் எழுதிய தையல் கலைக்களஞ்சியமும், டி.எம்.சி. நூல் நிறுவனத்தின் வடிவப் புத்தகங்களும் அதே வழியில் வந்தவை. டி.எம்.சி. நூலை நம் ஊர்த் தையல் கடைகளில் இன்றும் பார்க்கலாம்.

ஆக, ஒரே காலணியில் சீனக் குடும்ப மரபு, மலாய்ச் சொல், டச்சுப் பெயர் கொண்ட துணி, ஐரோப்பிய மணி, அச்சிட்ட ஜெர்மானிய வடிவ முறை, நீரிணைத் துறைமுகத்துப் பெண்ணின் கை எல்லாம் சேர்ந்திருக்கின்றன. "நீரிணைக் குடியேற்றங்கள் பல பண்பாடுகள் சந்தித்த இடம்" என்று தேர்வில் ஒரு வரி எழுதுகிறோமே, அந்த வரிக்கு இதைவிடக் கச்சிதமான எடுத்துக்காட்டு கிடைக்குமா?

இந்தக் கதையில் தமிழரும் உண்டு. மலாக்காச் செட்டிகள், மலாக்கா சுல்தான் காலத்திலிருந்தே அங்கு வேரூன்றிய தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள். வீட்டில் பேசுவது மலாய், வழிபடுவது இந்து சமயம். 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி கோவில் அவர்களுடையது. காஜா பெராங் பகுதியில் அவர்களின் கிராமம் இன்றும் இருக்கிறது. செட்டிப் பெண்களின் மரபு உடை சாரோங் கெபாயா, காலில் காசூட் மானேக். 'பெரானாக்கான்' என்றாலே சீனர் மட்டும்தான் என்று மாணவர்கள் எழுதினால், இந்தக் காலணியைக் காட்டித் திருத்துங்க.

மணித்தையல் எந்த உயரத்துக்குப் போனது என்று பார்க்க வேண்டுமானால் சிங்கப்பூர் போங்க. ஜொகூர் பாருவிலிருந்து பாலம் தாண்டினால் போதும். ஆர்மீனியன் தெருவிலுள்ள பெரானாக்கான் அருங்காட்சியகத்தில் பினாங்கில் செய்த மேசை விரிப்பு ஒன்று இருக்கிறது. அதில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மணிகள். அதைத் தைத்த விரல்களுக்கு உரியவர்களின் பெயர் நம்மிடம் இல்லை.

தோடர் பூத்தையல்: வடிவம் நினைவில்

அட்டையும் பார்த்தோம், தாளும் பார்த்தோம். இரண்டும் இல்லாமல் எண்ணித் தைக்க முடியுமா? முடியும் என்று காட்டுவதற்குத் தமிழ்நாட்டின் நீலகிரி மலைக்குப் போக வேண்டும்.

தோடர் என்ற பழங்குடி மக்கள் எருமை வளர்ப்பவர்கள். அவர்கள் போர்த்திக்கொள்ளும் தடித்த வெள்ளைப் பருத்திப் போர்வைக்குப் பூத்குளி என்று பெயர். அதில் சிவப்பு, கறுப்பு நூலால் தோடர் பெண்கள் பூத்தையல் போடுகிறார்கள். துணியில் கோடு வரைவதில்லை. கட்டத்தாள் கிடையாது. பிடாங்கான் போன்ற சட்டமும் கிடையாது. துணியின் இழைகளை விரலால் எண்ணி, பின்பக்கத்திலிருந்தே தைத்துக்கொண்டு போகிறார்கள். ஓர் இழை பிசகினாலும் வடிவம் கெடும். தைத்து முடித்த துணியைப் பார்த்தால், தைத்ததா தறியில் நெய்ததா என்று சந்தேகம் வரும்.

இழைநயத்தை அவர்கள் உருவாக்கும் விதம் நுட்பமானது. தைக்கும்போது நூலை முழுதாக இழுத்து இறுக்காமல், வேண்டுமென்றே கொஞ்சம் புடைத்து நிற்க விடுகிறார்கள். அதனால் பரப்பில் மேடு கிடைக்கிறது. நாம் எந்தப் பக்கத்தைக் கரடுமுரடான பக்கம் என்று நினைப்போமோ, அதையே அவர்கள் நல்ல பக்கமாகக் கொள்கிறார்கள். ஆக, 'நேர்த்தி' என்பது எல்லாச் சமூகத்துக்கும் ஒன்றல்ல. வழவழப்புத்தான் நேர்த்தி என்று நாம் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுச் சான்றைப் பார்த்தால் தவறாக வாசிப்போம்.

தோடர் பூத்தையலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பொருளின் பெயரை அது உருவாகும் இடத்தோடும் மக்களோடும் இணைத்துச் சட்டம் காக்கும் ஏற்பாடு அது. இந்தக் காப்பு ஏன் தேவைப்படுகிறது என்று யோசியுங்க. அட்டையைப் பெட்டியில் வைக்கலாம், தாளைப் படியெடுக்கலாம். நினைவில் இருக்கும் வடிவத்தைத் தாய் மகளுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துக் கற்றுத் தந்தால்தான் உண்டு. ஒரு தலைமுறை கற்காமல் விட்டால் எடுத்துப் பார்க்க வேறு எதுவும் மிஞ்சாது.

கூலி யாருக்கு?

தையலைக் கலை என்று மட்டும் பேசினால் பாதிக் கதைதான். அது உழைப்பும்கூட.

இதற்கு ஒரு தமிழ்ச் சான்று நாகர்கோவிலில் இருக்கிறது. லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த மால்ட் தம்பதியர் 1819-இல் அங்கு வந்தார்கள். திருமதி மார்த்தா மால்ட், பெண்கள் விடுதிப் பள்ளியில் லேஸ் பின்னல் கற்றுக்கொடுத்தார். அன்றைய திருவிதாங்கூரில் அடிமை முறை நடப்பில் இருந்தது. சட்டப்படி அது ஒழிந்தது 1855-இல்தான். அதற்கு முன்பே, லேஸ் பின்னி ஈட்டிய காசைக் கொண்டு அடிமைக் குடும்பங்களில் பிறந்த பெண்கள் சிலர் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள். ஒரு பின்னல் ஊசி மனிதரை மீட்டிருக்கிறது!

மலாயாவிலும் கன்னியர் மடப் பள்ளிகள் வந்தபோது தையல் ஒரு பாடமாகவே வந்தது. புனித குழந்தை இயேசு சபையின் கன்னியர்கள் 1852-இல் பினாங்கிலும் 1854-இல் சிங்கப்பூரிலும் பணியைத் தொடங்கினார்கள். பெண்கல்வியின் வரலாற்றை எழுதும் மாணவர்கள், வாசிப்போடும் கணக்கோடும் ஊசியும் வகுப்பறைக்குள் வந்ததைச் சேர்த்து எழுதலாம்.

ஜொகூரின் ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த நம் பாட்டிமார்களுக்கு இதெல்லாம் எட்டியதா? விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போனவர்களுக்கு வெல்வெட்டும் தங்க இழையும் ஏது? ஆனால் லயத்து வீடுகளிலும் ஊசி இருந்தது. ரோஜா, கிளி, 'குட் நைட்' என்ற எழுத்து தைத்த தலையணை உறையும், ஓரத்தில் பூத்தையல் போட்ட மேசை விரிப்பும் பல வீடுகளில் உண்டு. உங்கள் வீட்டு அலமாரியின் அடித்தட்டிலும் ஒன்று இருக்கலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் இடம்விட்டபோது குடும்பங்கள் பட்டணத்துக்கு மாறின. மாறும்போது பழந்துணியைத்தான் முதலில் தூக்கிப் போடுவோம், இல்லையா? கடிதம் எழுதாத ஒரு தலைமுறையின் கையெழுத்து அப்படித்தான் குப்பைக்குப் போகிறது.

வகுப்பறையில் வாசிக்கும் முறை

ஆசிரியர்களே, ஒரு தையல் பொருளையோ அதன் தெளிவான படத்தையோ வகுப்பில் வைத்து இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

1. பொருள்: துணி, நூல், மணி எவை? எவை உள்ளூர், எவை இறக்குமதி?

2. செய்முறை: கோட்டைப் பின்பற்றியதா, எண்ணித் தைத்ததா, புடைப்பா? பின்பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள். பின்பக்கம் பொய் சொல்லாது.

3. வடிவம்: எந்தப் பண்பாட்டுச் சின்னம்? தைப்பதற்கு முன் அது அட்டையிலா, தாளிலா, நினைவிலா?

4. பயன்: திருமணத்துக்கா, அன்றாடத்துக்கா, விற்பதற்கா? தேய்மானம் எங்கே தெரிகிறது?

5. ஆள்: யார் செய்தது, யாரிடம் கற்றது, கூலி கிடைத்ததா?

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வடிவத்தை மட்டும் வைத்துக் காலத்தை முடிவு செய்யாதீர்கள். பழைய வடிவத்தைப் பிற்காலத்தில் பார்த்துத் தைக்கலாம். ஆகவே பொருள், செய்முறை, வாய்மொழிச் செய்தி மூன்றையும் ஒப்பிட்ட பிறகே முடிவுக்கு வர வேண்டும். மூலங்களை ஒப்பாய்வு செய்தல் என்று பாடநூல் சொல்வது இதைத்தான்.

மாணவர்களுக்கு ஒரு மாதிரிக் கேள்வி: "காசூட் மானேக் 19-ஆம் நூற்றாண்டு நீரிணைக் குடியேற்றங்களின் வணிக, பண்பாட்டுத் தொடர்புகளை எவ்வாறு காட்டுகிறது?"

விடையை இப்படிக் கட்டலாம். முதல் பத்தியில் 1826-ஐயும் மூன்று துறைமுகங்களையும் சொல்லுங்க. இரண்டாவதில் மணியும் அச்சிட்ட வடிவமும் ஐரோப்பாவிலிருந்து வந்ததை 1869 சூயஸ் கால்வாயோடு இணைங்க. மூன்றாவதில் சீன, மலாய், தமிழ்ச் செட்டி மரபுகள் ஒரே பொருளில் சந்திப்பதை எழுதுங்க. நான்காவதில் இந்த மூலத்தின் வரம்பைச் சொல்லுங்க: செய்தவர் பெயரும் ஆண்டும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. மூலத்தின் வரம்பையும் சொல்லத் தெரிந்த மாணவரின் விடை மற்ற விடைகளிலிருந்து தனித்துத் தெரியும்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம், ஆசிரியர்களுக்கும் சேர்த்துத்தான். வீட்டில் கையால் தைத்த பழைய துணி ஒன்றைத் தேடி எடுங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுங்கள். தைத்தவர் யார், எந்தத் தோட்டம் அல்லது ஊர், ஏறக்குறைய எந்த ஆண்டு, யாரிடம் கற்றார் என்று வீட்டிலுள்ள மூத்தவர்களைக் கேட்டு ஒரு சிறிய தாளில் எழுதி, துணியோடு சேர்த்து வையுங்கள். துணியின்மேல் எழுத வேண்டாம், மை பரவும். அந்தப் பத்து லட்சம் மணி விரிப்பில் இல்லாத ஒன்று, அந்தச் சிறிய தாளால் உங்கள் பாட்டியின் தலையணை உறைக்குக் கிடைத்துவிடும்: செய்தவரின் பெயர்.